இடம் காணாது

கணினிக் கல்வியில் முதல் வகுப்பில் தேறிச் சான்றிதழ் வாங்கும்வரை, கணினித் திரை ஒன்று ஒளிர்வதை நான் கண்டதே இல்லை. இதைச் சொல்ல இப்போது வெட்கமில்லை. வெட்கப்பட்டுச் சொல்லாமல் விட்ட காலத்தில்தான் இன்னொருவருடைய வாழ்க்கையை ஒரு சனிக்கிழமைக் காலையில் துடைத்து எறிந்தேன்.

யாழ்ப்பாணத்தில் அப்போது மின்சாரம் இல்லை. ஒருநாள் இரண்டுநாள் தடையல்ல, வருடக்கணக்கில் இல்லை. ஆனாலும் எங்கள் சந்தியில் ஒருவர் கணினி வகுப்பு நடத்தினார். வகுப்பில் ஒரு கணினியும் இருந்தது. பூப்போட்ட துணியால் மூடி, காய்ச்சல்காரரைப் போல மூலையில் இருத்தியிருந்தார்கள். "கரண்ட் வந்தவுடனை போட்டுக் காட்டுவன்" என்பார் மாஸ்டர். எட்டு மாதப் படிப்பு முடிந்தது, கரண்ட் வரவில்லை. கட்டளைகளைக் கரும்பலகையில் எழுதிப்போட்டார், நாங்கள் கொப்பியில் எழுதிப் பாடமாக்கினோம். தட்டச்சுப் பழக, பிஸ்கட் பெட்டி மட்டையில் விசைப்பலகை கீறிக்கொண்டு வரச் சொன்னார். என் மட்டை மழையில் நனைந்து இடப்பக்கத்து எழுத்துகள் கரைந்துபோனதால் வலப்பக்கத்து எழுத்துகளில்தான் எனக்குத் தேர்ச்சி அதிகம் (பகிடி இல்லை, உண்மை).

பரீட்சையும் தாளில்தான். 'ஒரு ஃபோல்டரில் உள்ள எல்லாவற்றையும் ஒரே முறையில் அழிக்கும் கட்டளை யாது?' என்று ஒரு கேள்வி. டெல், இடைவெளி, நட்சத்திரம், புள்ளி, நட்சத்திரம் என்று எழுதினேன். முழுப் புள்ளி கிடைத்தது. அதோடு விட்டிருக்கலாம்.

அந்தச் சான்றிதழ்தான் என்னை லண்டனுக்குக் கொண்டுவந்தது. கல்யாணப் பேச்சுக் கடிதத்தில் 'பெண் கொம்பியூட்டர் படித்தவர்' என்று எழுதினார்கள். மாப்பிள்ளை வீட்டிலிருந்து வந்த பதிலில் 'மாப்பிள்ளை பெற்றோல் ஸ்டேசனில் மனேஜர்' என்று இருந்தது. வந்து இறங்கிய கிழமையே, ஒரு வாரம் முடியுமுன்னமே, அவர் மனேஜர் அல்ல, கல்லாவில் ஷிப்ட் வேலை செய்கிறவர் என்று தெரிந்துவிட்டது. நான் ஒன்றும் கேட்கவில்லை. கேட்டால், திருப்பி என்னைக் கேட்பாரே.

வால்தம்ஸ்டோவில் அவருடைய அக்கா வீட்டின் மேல்மாடியில், கட்டிலைப் போட்டால் கதவு முழுதாகத் திறக்காத ஓர் அறையில் குடியிருந்தோம். அந்த அக்காவை மச்சாள் என்பேன், ஆஸ்பத்திரி லோண்டரியில் வேலை. மச்சாளின் கணவரை நான் அண்ணை என்றுதான் கூப்பிடுவேன். ஊரில் கச்சேரியில், அதாவது அரச அலுவலகத்தில், எழுதுவினைஞராக இருந்தவர், ஆங்கிலம் நன்றாக எழுதுவார். முன்னறையில் அவருடைய கணினி இருந்தது. அகதி வழக்குப் போட்டுவிட்டுக் காத்திருக்கும் எங்கள் ஆட்கள் மாலை வேளைகளில் வந்து அதன் முன்னால் உட்கார்ந்து, தங்களுக்கு நடந்ததைத் தமிழில் சொல்வார்கள். அண்ணை அதை ஆங்கிலத்தில் தட்டி வக்கீல்மாருக்கு அனுப்புவார். அதற்கு 'ஸ்டேட்மென்ற்' என்று பெயர். ஒரு தொழிலாக அல்ல, யாராவது செய்யத்தானே வேண்டும் என்று செய்தார்.

அந்த மாதம் வந்துகொண்டிருந்தவர் திலகம் அக்கா. நாற்பது வயதிருக்கும். லண்டனிலேயே பார்க்கிங் என்ற பகுதியில் யாரோ தெரிந்தவர்கள் வீட்டில் இருந்தார். இரண்டு பெண்பிள்ளைகளை வவுனியாவில் தங்கையிடம் விட்டுவிட்டுத் தனியாக வந்தவர். வழக்கு ஒருமுறை தோற்று, மேன்முறையீடு அடுத்த செவ்வாய்க்கிழமை. நாலு தடவை பஸ் ஏறி வந்து, நாலு தடவை முன்னறையில் இருந்து, ஒரு மாதிரியாகக் கதையைச் சொல்லி முடித்திருந்தார். அந்த நாட்களில் நான் குசினியில் சமையலோடு இருந்துகொள்வேன். சுவருக்கு அந்தப் பக்கம் அவர் கதைப்பது கேட்காது. நீண்ட நேரம் ஒன்றுமே கேட்காது. பிறகு அண்ணையின் இரண்டு விரல்கள் தட்டுகிற சத்தம் மட்டும் வரும்.

இனி அந்தச் சனிக்கிழமை.

என் கணவர் சந்தையில் ஒரு பெட்டி வாங்கி வந்திருந்தார். கிரிக்கெட் விளையாட்டு. மட்டையை விசைப்பலகையால் வீசி விளையாடுவதாம். உள்ளே ஒன்பது டிஸ்க்குகள், ரப்பர் வளையத்தால் கட்டி. காலை ஷிப்டுக்குப் புறப்படும்போது சொன்னார்: "மூண்டு மணிக்கு ரெண்டு சிநேகிதர் வருவினம். அதுக்குள்ளை இதை ஏத்தி வையும். உமக்கு இது பெரிய வேலையே?"

"சீச்சீ" என்றேன்.

(அந்த 'சீச்சீ'யை நினைத்தால் இன்றைக்கும் காதைப் பொத்திக்கொள்வேன்.)

மச்சாள் வேலைக்குப் போய்விட்டார். அண்ணை பிரின்டருக்கு ரிபன் வாங்கப் புறப்பட்டார். பழைய ரிபன் காய்ந்து, எழுத்தெல்லாம் ஆவி மாதிரி விழுந்துகொண்டிருந்தது. "திலகம் பத்தரைக்கு வருவா. தேத்தண்ணி குடுத்து இருத்தி வையுங்கோ தங்கச்சி. ரிபனோடை வந்து பிரின்ட் எடுத்து, ஒருக்கா வாசிச்சுக் காட்டிக் கையெழுத்து வாங்கினால் முடிஞ்சுது. திங்கள் காலமை வக்கீலிட்டைக் குடுக்கவேணும்" என்றார். கணினியில் விளையாட்டு ஏற்றப்போகிறேன் என்று நான் சொன்னபோது தலையாட்டிவிட்டுப் போனார். படித்த பெண் அல்லவா, நம்பினார்.

வீட்டில் நானும் கணினியும் தனியே நின்றோம். அதன் பொத்தானை எங்கே அமர்த்துவது என்று தேடவே பத்து நிமிடம் ஆனது. கரண்ட் ஏறிப் பத்தியதும் அது உறுமியதில் இரண்டடி பின்னால் போனேன். மட்டையில் தட்டிப் பழகிய விரல், விசையை அமர்த்தி அப்படியே பிடித்துக்கொண்டது. ஒரு எழுத்துத் தட்டினால் திரையில் பதினைந்து வந்தது. 'இன்ஸ்டால்' என்ற ஒரு சொல்லை ஒழுங்காகத் தட்டி முடிக்க ஆறு முறை வேண்டியிருந்தது. கடைசியில் முதல் டிஸ்க் கிறுகிறுவென்று சுற்றி, ஆங்கிலத்தில் ஒரு வரி எழுதிக் காட்டியது. இடம் காணாதாம், போதாதாம்.

அந்த நேரம் கதவு மணி அடித்தது. திலகம் அக்கா. நனைந்த குடையை வெளியே சாத்திவிட்டு வந்து, முன்னறையில் வழக்கமாக உட்காரும் கதிரையில் உட்கார்ந்தார். தேத்தண்ணி கொடுத்தேன். கோப்பையை இரண்டு கையாலும் பிடித்துக்கொண்டு திரையைப் பார்த்தார்.

"என்ன பிள்ளை செய்யிறீர்?"

"இவர் வாங்கின விளையாட்டொண்டு ஏத்தவேணும் அக்கா. உள்ளுக்கு இடம் காணாதாம்."

"அப்ப என்ன செய்யிறது?"

"இருக்கிற தேவையில்லாததை அழிச்சு இடம் எடுக்கவேணும்."

"உமக்கு உதெல்லாம் தெரியுமே! கெட்டிக்காரி" என்றார். அவர் என்னோடு அவ்வளவு கதைத்தது அதுதான் முதல் தடவை. அந்த ஒரு சொல்லில் என் தலை கூரையைத் தொட்டது. எனக்குத் தெரியாது என்று சொல்ல அதைவிட நல்ல சந்தர்ப்பம் வேறு கிடைத்திருக்காது. நான் கொப்பியில் படித்த கட்டளைகளை ஒவ்வொன்றாக நினைவுக்குக் கொண்டுவந்து, உள்ளே என்னென்ன இருக்கிறது என்று பட்டியல் எடுத்தேன். எல்லாவற்றிலும் பெரிதாக ஒரு ஃபோல்டர் இருந்தது. பெயர் விளங்கவில்லை. உள்ளே நூற்றுக்கணக்கில் கோப்புகள், ஒன்றின் பெயரும் விளங்கவில்லை. விளங்காதது எல்லாம் குப்பை என்று தீர்மானித்தேன் (இருபத்துமூன்று வயதில் உலகத்தையே நான் அப்படித்தான் பிரித்து வைத்திருந்தேன்).

அண்ணை கடிதம் தட்டுகிற மென்பொருள் முழுவதும் அந்த ஃபோல்டரில்தான் இருந்தது. தட்டிய ஸ்டேட்மென்ற்களையும் அதற்குள்ளேயே சேமித்து வைத்திருந்தார். இது எனக்குப் பிறகுதான் தெரியும்.

டெல். இடைவெளி. நட்சத்திரம், புள்ளி, நட்சத்திரம்.

கணினி கேட்டது. எல்லாம் அழிந்துவிடும், நிச்சயமா? ஆம் என்றால் ஒரு விசை, இல்லை என்றால் ஒரு விசை.

"என்னவாம்?" என்றார் திலகம் அக்கா.

"நிச்சயமோ எண்டு கேக்குது."

"நல்ல மிசின். எங்கடை ஊரிலை ஒருத்தரும் எங்களை அப்பிடிக் கேக்கேல்லை" என்று சொல்லி, வாயைப் பொத்திக்கொண்டு சிரித்தார். நானும் சிரித்தேன். சிரித்துக்கொண்டே ஆம் என்ற விசையை அமர்த்தினேன்.

பிறகு இடம் தாராளமாக இருந்தது. திலகம் அக்கா கதிரையை இழுத்து எனக்குப் பக்கத்தில் போட்டுக்கொண்டு, ரப்பர் வளையத்தைக் கழற்றி, டிஸ்க்குகளை வரிசைப்படி மடியில் அடுக்கினார். "ரெண்டு" என்று எடுத்துத் தருவார். அது சுற்றி முடிந்ததும் வாங்கி வைத்துவிட்டு "மூண்டு" என்பார். ஒவ்வொன்றுக்கும் பத்து நிமிடம். திரையில் ஒரு நீலக் கோடு புழு மாதிரி ஊர்ந்தது. தன் மூத்த மகளுக்குப் பன்னிரண்டு வயதென்றும், கணக்கில் கெட்டிக்காரி என்றும், இங்கே கூப்பிட்டால் கொம்பியூட்டர் படிக்க வைக்கலாமோ என்றும் கேட்டார். "ஏன் ஏலாது? நானே சொல்லிக்குடுப்பன்" என்றேன். (ஆம், சொன்னேன்.)

ஏழாவது டிஸ்க்கில் கணினி கரகரவென்று ஒரு சத்தம் போட்டது. நீலக் கோடு நின்றது. நிறுத்தவா, திரும்ப முயலவா, ஃபெயிலா என்று கேட்டது. நான் அதுவரை எந்தப் பரீட்சையிலும் ஃபெயில் ஆனதில்லை. திரும்ப முயலச் சொன்னேன். கரகர. டிஸ்க்கை எடுத்து ஊதினேன். கரகர. திலகம் அக்கா வாங்கிச் சேலைத் தலைப்பால் துடைத்தார். கரகர. இருபது முறையாவது இருக்கும். டிஸ்க்குக்குள்ளேயே பழுது என்று ஏற்றுக்கொள்ள எனக்கு மனமில்லை.

அப்படி நாங்கள் இரண்டு பேரும் தலையை முட்டிக்கொண்டு ஊதிக்கொண்டிருந்தபோதுதான் அண்ணை வந்தார். கையில் கடதாசிப் பையில் ரிபன். "என்ன, விளையாட்டு ஓடுதோ?" என்று சிரித்தபடி என்னை எழுப்பிவிட்டு உட்கார்ந்தார். மென்பொருளைத் திறக்கிற சொல்லைத் தட்டினார். கணினி, அப்படி ஒன்றும் இல்லை என்றது. திரும்பத் தட்டினார். இல்லை என்றது. பட்டியலை எடுத்துப் பார்த்தார். மேலிருந்து கீழே ஒரு தடவை, கீழிருந்து மேலே ஒரு தடவை.

"தங்கச்சி, இதுக்குள்ளை ஏதும் அழிச்சனீங்களோ?"

"இடம் காணாதெண்டு..."

"என்னத்தை அழிச்சனீங்கள்?"

"தெரியேல்லை அண்ணை."

அவர் கத்தவில்லை. கத்தியிருந்தால் அழுதிருப்பேன், அழுதிருந்தால் கொஞ்சம் சுகமாக இருந்திருக்கும். ரிபன் பையை மேசையில் வைத்தார். கண்ணாடியைக் கழற்றி அதன் மேல் வைத்தார். பிறகு திரும்பி, "திலகம், நீங்கள் சொன்னதெல்லாம் அழிஞ்சு போட்டுது" என்றார்.

திலகம் அக்காவுக்கு முதலில் விளங்கவில்லை. மடியில் எட்டாவதும் ஒன்பதாவதும் டிஸ்க்குகள் இன்னும் இருந்தன. அவற்றை மெதுவாக எடுத்து மேசையில் வைத்தார்.

"முழுக்கவோ?" என்றார்.

"முழுக்க."

"திரும்பச் சொல்லவேணுமோ?"

திலகம் அக்கா எழுந்து குசினிக்குப் போய், தண்ணீர்க் குழாயைத் திறந்து, தான் குடித்த கோப்பையைக் கழுவத் தொடங்கினார். வெகுநேரம் அந்த ஒரு கோப்பையையே கழுவினார்.

மூன்று மணிக்கு என் கணவரும் நண்பர்களும் மிக்சர் பைகளோடு வந்து சேர்ந்தார்கள். கிரிக்கெட் விளையாட வந்தவர்கள் செத்தவீடு மாதிரி இருந்த வீட்டுக்குள் சப்பாத்தைக் கழற்றாமலே நின்றார்கள். நண்பர்களில் ஒருவர் மலேசியாக்காரர், உண்மையிலேயே கணினி வேலை செய்கிறவர். அவர் உட்கார்ந்து அரைமணி நேரம் என்னென்னவோ தட்டிப் பார்த்தார். "அழிச்ச உடனே நிறுத்தியிருந்தா எடுத்திருக்கலாம். அதுக்கு மேலேயே ஆறு டிஸ்க் ஏத்திட்டீங்களே" என்றார். மிகவும் மரியாதையாகத்தான் சொன்னார். பிறகு என்னைப் பார்த்து, "நீங்க எந்த சிஸ்டத்துல படிச்சீங்க?" என்று கேட்டார்.

எல்லாரும் என்னைப் பார்த்தார்கள். பூப்போட்ட துணி, மட்டை, கரும்பலகை எல்லாவற்றையும் அந்த முன்னறையில் நின்றபடி சொன்னேன்.

என் கணவரின் முகம் கறுத்தது. "அப்ப நீர் கொம்பியூட்டரைக் கண்டதே இல்லையோ?"

"கண்டனான். ஆனா அது பத்தினதை ஒருநாளும் காணேல்லை."

வேலை முடிந்து அப்போதுதான் உள்ளே வந்த மச்சாள், கோட்டைக் கழற்றாமலே, "அப்ப அந்தச் சேர்ட்டிபிக்கற்?" என்றார்.

"அது உண்மை மச்சாள். முதலாம் வகுப்பு."

ஒருவரும் சிரிக்கவில்லை. நண்பர்கள் மிக்சரை வைத்துவிட்டுப் போனார்கள். என்னைத் திருப்பி அனுப்பிவிடுவார்கள் என்று நினைத்தேன். எங்கே அனுப்புவார்கள் என்றுதான் விளங்கவில்லை.

அண்ணை ஒரு புதுக் கொப்பியை எடுத்தார். மென்பொருளும் போய்விட்டதால் கையால்தான் எழுதவேண்டும். "திலகம், ஏலுமெண்டால் இப்பவே தொடங்குவம்" என்றார். திலகம் அக்கா குசினி வாசலில் நின்றார். புறங்கையால் முகத்தைத் துடைத்தார்.

"இந்தப் பிள்ளை எழுதட்டும்" என்றார்.

"இவவோ?"

"ஓம். நீங்கள் பிறகு எடுத்து இங்கிலீசிலை மாத்துங்கோ. வாசியுங்கோ, அதுக்கு ஒண்டுமில்லை. எனக்கு முன்னாலை இருந்து கேக்கக்கூடாது, அவ்வளவுதான். முதல் விசாரிச்சதும் ஆம்பிளை. மொழிபெயர்த்ததும் ஆம்பிளை. இஞ்சையும்..." என்று நிறுத்தினார். "உங்களிலை பிழையில்லை."

அண்ணை கொப்பியையும் பேனாவையும் என்னிடம் தந்தார். என் கணவரும் அவரும் மேல்மாடிக்குப் போனார்கள். மச்சாள் குசினிக் கதவைச் சாத்தினார். நாங்கள் இருவரும் முன்னறையில் இருந்தோம். நான் கணினிக்கு முதுகைக் காட்டி உட்கார்ந்தேன்.

சனி பின்னேரமும் ஞாயிறு காலையும் எழுதினேன். முதல் நாலு தடவையில் அண்ணையிடம் சொன்னதை எல்லாம் வேகமாகச் சொல்லிக்கொண்டு வந்தார். திகதி, ஊர், றோட்டு, யார் யார் பிடிபட்டார்கள். பிறகு ஓர் இடத்தில், "இதிலை ஒரு கிழமையை நான் அண்ணைக்குச் சொல்லேல்லை" என்றார். நான் தலை நிமிரவில்லை. "எழுதும்" என்றார். எழுதினேன். கொப்பியில் பதினொரு பக்கம். இடையில் ஒருமுறை பேனா நின்றபோது, "என்ன, இடம் காணாதோ?" என்று கேட்டார். நான் அழுதேன். அவர் அழவில்லை, நான் முடிக்கும்வரை பொறுத்திருந்துவிட்டுத் தொடர்ந்தார்.

ஞாயிறு மத்தியானம் அண்ணை கொப்பியை வாங்கி உட்கார்ந்து ஆங்கிலத்தில் எழுதினார். அந்தப் பக்கங்களுக்கு வந்தபோது எழுந்து பின்வளவுக்குப் போய், மழைத் தூறலில் ஒரு கொஞ்ச நேரம் நின்றார். திரும்பி வந்து எழுதி முடித்தார். அதைப் பற்றி என்னிடமோ வேறு யாரிடமோ ஒரு வார்த்தை கதைத்ததில்லை.

செவ்வாய்க்கிழமை நல்லபடி முடியவில்லை. இதையெல்லாம் ஏன் முதலில் சொல்லவில்லை என்று திலகம் அக்காவைக் கேட்டார்களாம். வழக்கைத் தள்ளிவைத்தார்கள், திரும்பவும் தள்ளிவைத்தார்கள். இரண்டு வருடங்களுக்கு மேல் போனது. அந்தப் பதினொரு பக்கம் உதவியதா, இழுத்தடித்ததா என்று எனக்குத் தெரியாது. வக்கீல் ஒவ்வொரு முறையும் ஒவ்வொரு மாதிரிச் சொன்னார். கடைசியில் இருக்க விட்டார்கள். பிள்ளைகள் வந்து இறங்கியபோது மூத்தவள் தாயைவிட உயரமாக இருந்தாள். அவளுக்குக் கணினி சொல்லிக்கொடுக்கும்படி என்னை ஒருவரும் கேட்கவில்லை.

என் கணவர் மூன்று நாள் என்னோடு கதைக்கவில்லை. நாலாம் நாள் ஷிப்டுக்குப் போகச் சப்பாத்துக் கட்டிக்கொண்டிருந்தவர், குனிந்தபடியே, "நானும் மனேஜர் இல்லைத்தானே" என்றார்.

"தெரியும்" என்றேன்.

"எப்பயிலிருந்து?"

"முதல் கிழமையிலிருந்து."

சப்பாத்தைக் கட்டி முடிக்க அவருக்கு அன்றைக்கு அதிக நேரம் எடுத்தது. எங்கள் கல்யாணம் அன்றைக்குத்தான் நடந்தது என்று வைத்துக்கொள்ளலாம்.

இப்போது எங்கள் குடும்பத்தில் எந்த விசேஷத்திலும், மண்டபத்தில் கதிரை காணாவிட்டால், காரில் ஆட்கள் கூடிவிட்டால், "இவவைக் கேளுங்கோ, இடம் எடுத்துத் தருவா" என்று யாராவது சொல்லாமல் விடுவதில்லை. கதை தெரியாத புது மருமக்கள் கேட்டால், சொல்வதற்குரிய ஆள், இப்போது எங்களில் ஒருவராகிவிட்ட திலகம் அக்காதான். அவரைப்போல் அதை ஒருவரும் சொல்ல முடியாது. மடியில் டிஸ்க்குகளை அடுக்கிக் காட்டுவார், ஒவ்வொன்றாக நீட்டுவார், ஏழாவதைச் சேலைத் தலைப்பால் துடைப்பார். என்னுடைய 'சீச்சீ'யைக்கூட என்னைவிட நன்றாகச் சொல்வார் (அதை எப்போது அவரிடம் சொன்னேன் என்று எனக்கு நினைவில்லை). ரிபன் பையோடு அண்ணை வந்து நிற்கிற இடத்தில் கதையை நிறுத்துவார். எல்லாரும் விழுந்து விழுந்து சிரிப்பார்கள்.

போன மாதம் ஒரு பிறந்தநாள் வீட்டில், அப்படிச் சிரித்து முடிந்ததும், ஒரு சின்னப் பெண் விடாமல் கேட்டாள்: "பிறகு என்ன செய்தனீங்கள் அம்மம்மா?"

"பிறகென்ன, திரும்ப எழுதினது" என்றார் திலகம் அக்கா. கேக் தட்டை எடுத்து என்னிடம் நீட்டினார். நான் ஒரு துண்டை எடுத்துக்கொண்டு, தட்டை அடுத்த ஆளுக்கு நகர்த்தினேன்.